மரவாடியில் பலகை பொறுக்குவது எப்படி

மரம் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது என்ன தேக்கு?" என்றுதான். நாட்டுத் தேக்கா, பர்மாவா, கானாவா என்று தெரிந்தால் போதும், தரம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். ஒரே மரத்தில் அறுத்த பத்துப் பலகையில் நான்கு கட்டிலுக்கு ஆகும், மூன்று அலமாரியின் பின்பக்கத்துக்கு ஆகும், மீதி எதற்கும் ஆகாது. பத்துக்கும் பெயர் ஒன்றுதான், விலையும் பல இடங்களில் ஒன்றுதான். பலகை காய்ந்திருக்கிறதா, அதில் வைரம் (உள்ளே முற்றிய மரம்) எவ்வளவு, எப்படி அறுத்திருக்கிறார்கள் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் பெயரைக் கேளுங்கள்.

நான் குத்தாலத்தில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில், பீரோ, ஊஞ்சல், நிலை, கதவு எல்லாம் செய்கிறோம். வீடு கட்டுகிறவர்கள் மரம் எடுக்கப் போகும்போது கூட வரச் சொல்வார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை மரவாடிகளுக்கு அப்படிப் போய்வருவேன். அங்கே நான் எதைப் பார்க்கிறேன், எதைத் தொட்டுப் பார்க்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆசாரி கூட இல்லாமல் தனியாகப் போகிறவர்களும் இதில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

வெட்டுமுகத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பலகையை அடுக்கியிருக்கும்போது அகலமான பக்கம்தான் கண்ணில் படும். அழகான ரேகை, நல்ல நிறம் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதை விட்டுவிட்டு அடுக்கின் ஓரத்துக்குப் போங்கள். பலகையின் இரண்டு முனைகளிலும் ரம்பம் குறுக்கே வெட்டிய முகம் இருக்கிறதே, உண்மை அங்கே தெரியும். பல மரவாடிகளில் அந்த முனையில் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதில் தப்பு இல்லை. முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அதனால் முனை வெடிக்கும். பெயின்ட் அதைத் தடுக்கும். ஆனால் அந்தப் பெயின்ட் நமக்கு வேண்டியதை எல்லாம் மறைத்துவிடும். "முனையில ஒரு அரை அங்குலம் சீவிக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல வியாபாரி முகம் சுளிக்காமல் அறுத்துக் காட்டுவார். மறுத்தால் அந்த அடுக்கை விட்டுவிடுங்கள்.

புதிதாக வெட்டிய அந்த முகத்தில் முதலில் வைரத்தையும் வெள்ளையையும் பிரித்துப் பாருங்கள். தேக்கில் இது தெளிவாகவே தெரியும். உள்ளே பொன்பழுப்பாக இருப்பது வைரம். பட்டையை ஒட்டி வெளுத்த மஞ்சளாக ஓடுவது வெள்ளை. செல் (கறையான்) அரிக்காமல், உளுத்துப் போகாமல் தேக்கு நிற்கிறது என்ற பேரெல்லாம் வைரத்துக்குத்தான். வெள்ளைக்கு அந்தக் குணம் கிடையாது. தேக்கின் வெள்ளையைச் செல் தாராளமாகத் தின்னும். உயிரோடு இருக்கும் மரத்தில் தண்ணீர் ஏறும் பகுதி அது, மாவுச்சத்தும் அங்கேதான் தங்கும், பூச்சிக்கு அதுதான் தீனி. அதனால் நிலை, சன்னல் சட்டம், கட்டில் கால் எல்லாவற்றுக்கும் முழு வைரமாகக் கேளுங்கள். அலமாரியின் பின்பலகைக்குக் கொஞ்சம் வெள்ளை இருந்தால் பரவாயில்லை, விலையில் குறைக்கச் சொல்லலாம். அந்த வெள்ளையில் போராக்ஸ் கலவை ஊறினால் பூச்சி அண்டாது. வைரத்துக்குள் அந்த மருந்து இறங்காது, அதற்குத் தேவையும் இல்லை.

"அண்ணே, இது நல்லாக் கறுப்பா இருக்கே, இதுதானே வைரம்?" என்று ஒருவர் சாயம் பூசிய சட்டத்தைக் காட்டிக் கேட்டார். சாயம் வெள்ளையையும் வைரத்தையும் ஒன்றாக்கிவிடும். சீவிய முனையில் சாயம் இருக்காது. நிறத்தை அங்கே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் குருத்து. மரத்தின் நட்டநடுவில் ஓடும் மெல்லிய மையம் அது. சட்டத்தின் வெட்டுமுகத்தில் வளையங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி முழு வட்டமாக ஓடினால், குருத்து அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட சட்டம் காயும்போது வெடிக்காமல் இருப்பது அபூர்வம். கட்டில் காலுக்கும் தூணுக்கும் சின்ன மரத்தை நான்கு பக்கமும் சீவி அப்படியே கொடுத்துவிடுவார்கள். பார்க்கத் தடிமனாக, உறுதியாகத்தான் தெரியும். ஆனால் ஒரு கோடை தாண்டினால் குருத்திலிருந்து வெளிமுகம் வரை நீளப் பிளவு விழுந்துவிடும். வளையங்கள் கால்வட்டமாக மட்டும் தெரியும் சட்டத்தை எடுங்கள். பெரிய மரத்தின் ஒரு பங்கு அது.

வெடிப்பிலும் ரகம் உண்டு. மையத்திலிருந்து வெளியே ஓடும் முனைவெடிப்பு அரை அடிக்குள் நின்றுவிட்டால் அந்த முனையை வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். அதற்கான நீளத்தைக் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். வளையத்தோடு வளையமாகப் பிரிந்து வில்போல ஓடும் பிளவு இருந்தால் வேண்டாம். அது மரம் நிற்கும்போதே வந்த குறை. எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று அறுக்காமல் சொல்ல முடியாது.

வெட்டுமுகத்தில் கடைசியாகப் பார்ப்பது வளையங்கள் படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்பது. வளையக் கோடுகள் பலகையின் அகலத்தோடு படுத்தாற்போல் இருந்தால், மேல்முகத்தில் மலைமலையாக ரேகை விழும். எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அந்தப் பலகைதான் அதிகம் சுருங்கும், அதிகம் வளையும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே செல்லும் போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோடுகள் செங்குத்தாக நின்றால் மேல்முகத்தில் ரேகை நேர்க்கோடாக ஓடும். பார்க்கச் சாதாரணம்தான். ஆனால் பீரோ கதவின் சட்டத்துக்கும் ஊஞ்சல் பலகைக்கும் நான் அதைத்தான் தேடுவேன். கதவுக்கு நடுவில் வைக்கும் பலகைக்கு மலைரேகை போகட்டும். சுற்றிலும் உள்ள சட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஈரம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து ஈரம் மட்டும் போகவில்லை என்றால் சாமான் கெட்டுவிடும். நம் பக்கத்தில் நான் பார்த்த தச்சுவேலைத் தகராறில் பாதிக்கு மேல் இதனால் வந்ததுதான். கதவு இழுக்கிறது, இழுப்பறை மாட்டிக்கொள்கிறது, மேசைப் பலகை நடுவில் பிரிந்துவிட்டது என்று வீட்டுக்காரர் ஆசாரியைத் திட்டுவார், ஆசாரி மரக்கடையைத் திட்டுவார். பச்சை மரத்தில் எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் பொருத்து தளரத்தான் செய்யும்.

மரத்தின் ஈரம் குறைய ஆரம்பித்ததும் உடனே சுருக்கம் தொடங்காது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கும். அதனால் மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் பலகை, சுருங்க வேண்டியதில் பாதியைக்கூட இன்னும் சுருங்காமல் இருக்கலாம். பச்சையில் 12 அங்குல அகலம் இருந்த மலைரேகைப் பலகை முழுக்கக் காய்ந்து நிற்கும்போது அரை அங்குலத்தை ஒட்டிக்கூடக் குறையும். பொருத்திய பிறகு அது குறைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஈரமானி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். வீடு முழுக்க மரவேலை செய்யப் போகிறவர்கள் ஒன்று வாங்கிவிடலாம், அல்லது உங்கள் ஆசாரியை வாங்கச் சொல்லலாம். முனையில் குத்தினால் குறைவாகக் காட்டும், ஏனென்றால் முனைதான் முதலில் காயும். பலகையின் நடுவில், ரேகையின் போக்கிலேயே ஊசி இறங்கும்படி குத்துங்கள். முடிந்தால் ஒரு பலகையைக் குறுக்கே வெட்டச் சொல்லி, புதிய முகத்தின் நடுத்தடிமனிலும் குத்திப் பாருங்கள். வெளியே 11, உள்ளே 20 என்று வந்தால் அது அவசரமாகச் சூளையில் வைத்து எடுத்த மரம். வெளித்தோல் மட்டும் காய்ந்திருக்கிறது. அறுத்தால் ரம்பத்தைப் பிடிக்கும், அறுத்த பிறகு வளையும். டெல்டாவில் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நான் வேலையைத் தொடங்குவேன். 15-ஐத் தாண்டினால் மேசைப் பலகைக்கும் கதவுக்கும் எடுக்க மாட்டேன். ஏசி ஓடும் அறைக்குப் போகும் சாமானுக்கு இன்னும் கீழே வேண்டும்.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். பலகையின் முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் எடை போடுங்கள். கேக் செய்யும் அடுப்பு இருந்தால் 103 டிகிரியை ஒட்டி வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை காய வையுங்கள். முதலில் 120 கிராம், கடைசியில் 100 கிராம் என்றால் ஈரம் 20 சதவீதம். போன எடையைக் காய்ந்த எடையால் வகுக்க வேண்டும், ஈர எடையால் வகுத்தால் கணக்குத் தப்பிவிடும். அடுப்பு இல்லையா, நிழலில் விசிறிக் காற்றில் வைத்து இரண்டு வாரம் விட்டு மறுபடி எடை போடுங்கள். எடை அப்படியே இருந்தால் பலகை நம் காற்றோடு ஒத்துப்போய்விட்டது. இறங்கிக்கொண்டே வந்தால் காத்திருங்கள்.

கனத்தை வைத்துத் தரம் சொல்வது பெரிய பழக்கம் இங்கே. "கல்லு மாதிரி கனக்குது, நல்ல மரம்" என்பார்கள். ஒரே அளவில் ஒரே மர இனத்தின் இரண்டு பலகையைத் தூக்கிப் பார்த்து ஒன்று அதிகம் கனத்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தைத்தான். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். கணீரென்று கேட்டால் காய்ந்த, முழுசான மரம். மந்தமாகக் கேட்டால் ஈரமாகவும் இருக்கலாம், உள்ளே பொக்கையாகவும் இருக்கலாம். அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மாதமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த கொட்டகையில் கிடந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் குடித்திருக்கும். அந்த மாதத்தில் வாங்கி அந்த மாதத்திலேயே இழைத்தால் சித்திரையில் இடைவெளி விழும். மாசி, பங்குனியில் வாங்கிச் சித்திரை, வைகாசியில் வேலை எடுப்பது எனக்குப் பிடிக்கும். தையில் கிருகப்பிரவேசம் என்று நாள் குறித்துவிட்டு மழையில் கதவு செய்யச் சொல்கிறவர்கள், மரத்தை முந்தைய கோடையிலேயே வாங்கி அடுக்கிவிட வேண்டும்.

கண், கை, நூல்

இது சீக்கிரம் முடிகிற வேலை. பலகையை ஒரு முனையில் தூக்கி, விளிம்பு வழியாகக் கண்ணை வைத்து நீளத்துக்குப் பாருங்கள். வளைவு தெரியும். இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் பார்த்தால் முறுக்கும் தெரியும். ஒருபக்க வளைவை இழைத்துச் சரிசெய்யலாம். முறுக்கிய பலகையைச் சரிசெய்தால் பாதித் தடிமன் போய்விடும். கணு இறுகி மரத்தோடு ஒட்டியிருந்தால் அழகுதான், பலகைக்கு ஆகும். கறுத்து, ஓரத்தில் வளையமிட்டுப் பிரிந்து நிற்கும் கணு பின்னால் கழன்று விழும். கட்டிலின் நீளச் சட்டத்தில் கீழ்விளிம்பில் எந்தக் கணுவும் இருக்கக் கூடாது. பாரம் வரும்போது சட்டம் முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேதான்.

பொடிப்பொடியாக ஓட்டை இருந்தால் பலகையை ஒரு வெள்ளைத் துணியின் மேல் தட்டுங்கள். மாவு மாதிரிப் புதுத்தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. ஒரு பலகை மட்டும் அப்படி என்றாலும் அந்த அடுக்கையே வாங்காதீர்கள்.

தேக்கின் ஊர்கள்

சரி, இப்போது பெயருக்கு வருவோம். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே முழு உருட்டைக் காட்டி "புதுசா வந்த பர்மா" என்று சொன்னால் யோசிக்க வேண்டும். இன்று தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வருவதில் நிறைய, ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் நட்டு வளர்த்த தேக்கு. கானா, நைஜீரியா, ஈக்வடார், கொலம்பியா என்று கேட்டிருப்பீர்கள். அதுவும் தேக்குதான், அதே இனம்தான். பல சரக்கு சின்ன வயதில் வெட்டியதாக இருக்கும். அதனால் வெள்ளை அதிகம், குருத்துக்குப் பக்கத்து மரம் அதிகம். நல்ல சுற்றளவுள்ள உருட்டில் வைரமாக அறுத்த கானா சட்டத்தை, வெள்ளை ஓடும் நாட்டுத் தேக்கை விட நான் தயங்காமல் எடுப்பேன்.

நம் ஊர்த் தேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லணைக் கால்வாய்க் கரையிலும் மற்ற வாய்க்கால் கரைகளிலும் வனத்துறை வைத்த தேக்கு வரிசைகளைப் பார்த்திருப்பீர்கள். வயல் ஓரத்திலும் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வசதியில் வேகமாகப் பருத்த மரம், நிறம் வெளுத்திருக்கும், வளையம் அகலமாக இருக்கும். வளையம் அகலமானாலே மட்டம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. தேக்கில் வளைய அகலத்துக்கும் வலிமைக்கும் அவ்வளவு நேரான தொடர்பு கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அது நன்றாகவே உழைக்கும். மழை அடிக்கும் வாசல் நிலைக்கு மட்டும் கறுத்த, முதிர்ந்த வைரமாகத் தேடுவேன்.

தேக்குதானா என்று பார்க்க, புதிதாக இழைத்த முகத்தை முகர்ந்து பாருங்கள். தோல் சாமானை நினைவுபடுத்தும் வாசனை இருக்கும். தடவினால் லேசாக எண்ணெய்ப் பசை தெரியும். வெட்டுமுகத்தில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும், நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியும். புதிதாக அறுத்த தேக்கில் பச்சையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருந்தால் பயப்பட வேண்டாம், வெயில் பட்டால் சில நாளில் பொன்நிறமாகும்.

தேக்கு இல்லாமலும் செய்யலாம்

எல்லாவற்றுக்கும் தேக்கு என்று போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூவரசு நம் மண்ணின் மரம். இறுக்கமான இழை, எளிதில் உடையாது, சின்னச் சாமானுக்கு அருமை. முக்காலி, நாற்காலிக் கால், ஊஞ்சல் சட்டத்துக்கு வைரமான பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். அகலப் பலகை கிடைப்பதுதான் கஷ்டம். வேம்பைப் பூச்சி எளிதில் தொடாது. துணி அலமாரிக்குள் தட்டாக வைக்க நல்லது. ஆனால் காயும்போது முறுக்கும், வெடிக்கும். வேம்பை வாங்கினால் முழுக்கக் காயும்வரை பொறுமை வேண்டும். வாகையின் வைரம் அடர்பழுப்பில் அவ்வளவு அழகு. அறுக்கும்போது தூள் மூக்கை அரிக்கும், முகக்கவசம் கட்டாமல் அறுக்காதீர்கள். அதன் வெள்ளையைப் பூச்சி சீக்கிரம் பிடிக்கும், சுத்தமாக நீக்கிவிட வேண்டும். மாமரம் மலிவு, பூச்சிக்கும் பிரியம். மருந்து ஏற்றாத மாவில் கட்டில் செய்யாதீர்கள்.

பலா தனி ரகம். அறுத்ததும் மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகப் பழுப்பேறிக்கொண்டே வரும். தஞ்சாவூரில் வீணை செய்வதற்குப் பலாவைத்தான் எடுக்கிறார்கள். இழைப்பு நன்றாக ஏறும், மெருகு நிற்கும். நிறம் மாறும் என்பதால், இரண்டு தடவையாக வாங்கிய பலாவை ஒரே சாமானில் கலக்கும்போது பழைய முகத்தை லேசாக இழைத்துவிட்டு நிறத்தை ஒப்பிடுங்கள். இலுப்பை கிடைத்தால் நிலைக்கு ஆகும். கோயில் தேருக்கே அதை எடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கனமும் அதிகம், உளிக்கு வேலையும் அதிகம்.

ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ரசீதும் வனத்துறைச் சீட்டும் இல்லாமல் யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய வீட்டு மரமும் புயலில் விழுந்த மரமும்

கும்பகோணம், திருவையாறு, மாயவரம் பக்கம் பழைய ஓட்டுவீட்டைப் பிரிக்கும்போது வரும் உத்திரம், தூண், பத்தாயப் பலகை எல்லாம் விலைக்கு வரும். என்னைக் கேட்டால் டெல்டாவில் கிடைக்கும் மிகச் சிறந்த மரம் அதுதான். பல தலைமுறை மழையும் வெயிலும் பார்த்து அசையாமல் நின்ற மரம், இனி சுருங்க அதில் அதிகம் இல்லை. எங்களுக்குப் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் ஆச்சா மரத்தை அப்படிப்பட்ட பழைய வீடுகளிலிருந்துதான் தேடி எடுப்பார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காது கொடுத்துச் செய்கிற தொழிலில் மரம் ஆடவே கூடாது, அதனால் அந்தத் தேடல்.

பழைய மரத்தில் பார்க்க வேண்டிய இடம் சுவருக்குள் புதைந்திருந்த முனை. உத்திரத்தின் நடு கல்லாக இருக்கும், சுவருக்குள் இருந்த ஒன்றரை அடி செல் அரித்து ஓடாக இருக்கும். உளியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். பொசுக்கென்று இறங்கும் இடம் வரை வெட்டித் தள்ளி, மீதி நீளத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். அடுத்தது ஆணி. தலை ஒடிந்து உள்ளே தங்கிய ஆணி கண்ணுக்குத் தெரியாது. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பெரிய காந்தத்தை மேலே ஓட்டிப் பார்ப்பேன். தேக்கில் ஆணியைச் சுற்றிக் கறுத்த கறை இருந்தாலும் அடையாளம். ஆணி எடுக்காமல் ரம்பத்துக்குக் கொண்டு போனால் அலகு போகும், ஆளுக்கும் ஆபத்து.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது மன்னார்குடி, பட்டுக்கோட்டை வரை மரங்கள் சாய்ந்தன. அடுத்தடுத்த புயலிலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் ஆசையாக வளர்த்த தேக்கோ மாவோ விழுந்துவிட்டால் அதைச் சாமானாக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு, எனக்கும் அந்த வேலை பிடிக்கும். ஆனால் காற்றில் வளைந்து நின்று விழுந்த மரத்துக்குள் இழைகள் நசுங்கியிருக்கலாம். இழைத்த முகத்தில் ரேகைக்குக் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் ஓடுகிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டு பாரம் தாங்காது; நாற்காலிக் காலுக்கும் கட்டில் சட்டத்துக்கும் வேண்டாம், பெட்டிக்கும் தட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். விழுந்த மரத்தைச் சேற்றில் மாதக்கணக்கில் போட்டு வைக்காமல் சீக்கிரம் அறுத்து அடுக்குங்கள். தேக்கு என்றால் ஏற்றும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, சீட்டு வேண்டுமென்றால் வாங்கிவிடுங்கள்.

கன அடிக் கணக்கு

தரம் பார்த்து முடித்து அளவில் ஏமாறக் கூடாது. உருட்டு மரத்துக்குக் கால் சுற்றளவுக் கணக்கு. நடுவில் பட்டை நீக்கிச் சுற்றளவு எடுத்து, நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 4 அடிச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையில் அந்த உருட்டில் ஏறத்தாழ 12.7 கன அடி மரம் இருக்கும். அறுக்கும்போது போகும் ஓரக்கழிவுக்காக இந்தக் கணக்கு விட்டுக்கொடுக்கிறது. அறுத்த பலகைக்கு அந்தச் சலுகை கிடையாது. நீளம் அடியில், அகலமும் தடிமனும் அங்குலத்தில் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்கவும். 7 அடி, 9 அங்குலம், ஒன்றரை அங்குலம் என்றால் 0.656 கன அடி. டேப்பை எடுத்துத் தடிமனை நீங்களே அளந்து பாருங்கள். ஒன்றரை என்று எழுதியது ஒன்றேகாலாக இருந்தால் ஆறில் ஒரு பங்கு காசு இல்லாத மரத்துக்குப் போகிறது. ஓரத்தில் பட்டைச்சரிவு (பட்டை இருந்த பக்கம் சரிந்து நிற்பது) இருந்தால் அகலத்தைக் குறுகிய முகத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

செய்து வைத்த சாமானை வாங்கும்போது

கடையில் முகப்பைப் பார்க்காதீர்கள், அது காட்டுவதற்காகவே செய்தது. இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துப் பின்பலகையையும் அடியையும் பாருங்கள். மேசையின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். முழு மரம் என்றால் மேல்முகத்தின் ரேகை விளிம்பில் திரும்பி, வெட்டுமுகத்திலும் அதே வளையமாகத் தொடரும். மேலே மலைரேகை ஓடி, விளிம்பில் சம்பந்தமில்லாத நேர்க்கோடு ஓடினால் மேலே ஒட்டியது மெல்லிய மர ஏடு (வெனீர்). ஏடு ஒட்டியதே தப்பு என்று சொல்லவில்லை, முழுத் தேக்கு விலைக்கு அதை வாங்கக் கூடாது. ரப்பர் மரத்தில் சாயம் ஏற்றித் தேக்கு என்று விற்பதும் உண்டு. ரப்பர் மரம் சூளையில் காய்ந்து மருந்து ஏறியிருந்தால் வீட்டுக்குள் நன்றாகவே உழைக்கும், அதன் பெயரிலும் அதன் விலையிலும் வாங்கினால் சரி.

கட்டிலின் குறுக்குமூலைகளை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், ஒரே அளவு வர வேண்டும். பொருத்துகளில் லப்பம் (இடைவெளியை அடைக்கும் பசை) தடித்திருந்தால் அதற்குக் கீழே இடைவெளி இருக்கிறது. அகலமான மேசைப் பலகையை அடிச்சட்டத்தில் அசையவே விடாமல் ஆணி அடித்து இறுக்கியிருந்தால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டும்போது பலகை வெடிக்கும். திருகாணி போகும் துளை நீளவாக்கில் கொஞ்சம் இடம்விட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிற ஆசாரி மரம் அசையும் என்பதை அறிந்தவர், அவரிடம் தாராளமாக வேலை கொடுக்கலாம்.

மரம் வாங்கி வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் தரையில் போடாதீர்கள். செங்கல் வைத்து அரை அடி உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே தடிமன் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வைத்து அடுக்குங்கள். ரீப்பர் முன்பின்னாக இருந்தால் பலகை அந்த இடத்தில் வளைந்து அப்படியே காய்ந்துவிடும். மேலே கனத்துக்குப் பழைய பலகை வைக்கலாம். வெயில் நேராகப் படக் கூடாது, காற்று குறுக்கே ஓட வேண்டும், தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிக் கட்டக் கூடாது. கதவு மாட்டும் நாளில் ஆசாரியிடம் மாதத்தைச் சொல்லி இடைவெளியைப் பேசிக்கொள்ளுங்கள். வைகாசியில் காய்ந்த கதவு மாட்டினால் கார்த்திகையில் ஊதுவதற்கு இடம் விட வேண்டும். கார்த்திகையிலேயே மாட்டுவதானால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்கூடச் சீவ வேண்டாம், தை தாண்டிப் பார்க்கலாம்.